மாற்றுத்திறனாளரும் நமது உள்ளூராட்சிச் சபைகளும்

(உள்ளூராட்சிச் சபைகளின் உறுப்பினர்களுக்கென யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



சட்டத்தரணி ஒருவனை மேடையில் ஏற்றிவிட்டால் அவன் சட்டப் புத்தகத்தை விரித்துவிடுவானே என்ற அச்சம் உங்களிற் சிலரது முகத்திலே தெரிகின்றது. அந்த அச்சம் நியாயமானதே. நான்கைந்து சட்டங்களின் பெயரை நான் இன்று சொல்லத்தான் போகின்றேன். ஆயினும், அவை யாவும் ஏற்கெனவே உங்கள் கைகளில் இருப்பவை. கொழும்பிடம் மனுக் கொடுத்துப் பெறவேண்டியது அவற்றில் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கின்றேன்.

2025 மே 6ஆந் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சிச் சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. அதற்கு முன்பிருந்த சபைகளின் ஆயுட்காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிருவாகம் நடத்தினர்; மக்களின் பிரதிநிதி என்று சொல்வதற்குச் சபைகளில் ஒருவரும் இருக்கவில்லை. இன்று நீங்கள் இருக்கின்றீர்கள். ஆகவே, உங்களிடம் ஒன்று கேட்க எனக்கு உரிமையுண்டு. உங்களுக்கு வாக்களித்த மக்களுள் எத்தனை பேர் உங்கள் சபைக் காரியாலயத்துக்குள் தாமாகவே வந்து, உங்கள் மேசைக்கு முன்னால் நின்றோ இருந்தோ பேசக்கூடியவர்கள்?

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு ஒரு கணக்கைத் தருகின்றது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறருடன் தொடர்பாடல் என்னும் இவற்றில் ஏதாவதொன்றிற் சிரமமுடையோர், ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமான மக்களுள் நூற்றுக்கு 8.7 பேர். தொகையாகச் சொன்னால் 16 இலட்சத்துக்கும் அதிகம். நாட்டின் சராசரியையே உங்கள் பிரதேசத்துக்கும் பொருத்திப் பாருங்கள். முப்பதினாயிரம் பேர் வாழும் ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் இரண்டாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். இரண்டாயிரம் வாக்கு எத்தனை வட்டாரங்களின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இவர்கள் எல்லோரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பார்வை மங்கிய முதியோரும், முழங்கால் தேய்ந்த தாய்மாருமே பெருந்தொகையினர். அவர்களோடு நமது மண்ணுக்கு மட்டுமே உரிய இன்னொரு கூட்டமும் சேர்கின்றது. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் காலிழந்தோர், கண்ணிழந்தோர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் ஆகியோரே அவர்கள். போர் முடிந்த 2009இல் இருபது வயதாயிருந்தவர் இன்று நாற்பதை எட்டுகின்றார். அவருக்கு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கின்றது. அந்த வாழ்க்கையை அவர் வீட்டுத் திண்ணையிலேயே கழித்துவிட வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கின்ற அதிகாரத்தில் ஒரு பெரும் பங்கு, நம்பினால் நம்புங்கள், உங்களிடமே இருக்கின்றது.

இந்த மக்களை நாம் அழைத்த பெயர்களை எண்ணிப் பார்க்கின்றேன். அங்கவீனர் என்றோம். ஊனமுற்றோர் என்றோம். வலுவிழந்தோர் என்றோம். விசேட தேவையுடையோர் என்றோம். இப்பொழுது மாற்றுத்திறனாளர் என்கிறோம். பெயரை ஐந்து முறை மாற்றிவிட்டோம். சபைக் காரியாலயத்தின் வாசற்படியை ஒரு முறையேனும் மாற்றினோமா?

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். மாற்றுத்திறனாளரின் விடயம் என்றவுடனே நம்மவர், "அது பிரதேச செயலகத்தின் வேலை, அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கின்றார்" என்று சொல்லிவிடுகின்றனர். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு என்பதை மக்கள் மறந்தாலும் பாதகமில்லை, உறுப்பினர்கள் மறத்தல் ஆகாது. மாதாந்த உதவிப்பணம் செயலகத்தின் வழியாக வருகின்றது என்பது உண்மையே. ஆனால் ஒரு மனிதன் உதவிப்பணத்தால் மட்டும் வாழ்வதில்லை. அவன் வீட்டுப் படலையைத் திறந்து வெளியே வரவேண்டும். ஒழுங்கையிலே செல்லவேண்டும். சந்தைக்குப் போகவேண்டும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். நூலகத்தில் பத்திரிகை வாசிக்கவேண்டும். மலசலகூடம் செல்லவேண்டும். இறந்தால் மயானத்துக்கும் போகவேண்டும். இந்த வீதி, சந்தை, நூலகம், மயானம் எல்லாம் யாருடையவை?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றின் நிருவாகத்தோடு, மக்களின் சௌகரியத்தையும் வசதியையும் நலனையும் பாதுகாத்து வளர்க்கும் கடமையையும் அது சபையிடம் ஒப்படைக்கின்றது. "மக்கள்" என்றே சட்டம் சொல்கின்றது. இரண்டு காலாலும் நடக்கக்கூடிய மக்கள் என்று சொல்லவில்லை.

வீதியைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பெற் வீதி போடுவது இன்று அபிவிருத்தியின் அடையாளமாகிவிட்டது. திறப்புவிழாவும் நடக்கின்றது, படமும் எடுக்கின்றார்கள். பழைய வீதியின்மேலே ஒவ்வொரு முறையும் புதுப் படை இடப்படுவதால் வீதி உயர்ந்துகொண்டே போகின்றது. ஓரத்திலுள்ள வீட்டின் படலையோ பள்ளத்தில் நிற்கின்றது. முன்பு தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்தவர், வீதி திருத்தப்பட்ட பின்னர் இருவர் தள்ளினாலன்றி வெளியே வரமுடியாதவராகின்றார். வாய்க்கால் வெட்டுகின்றோம், மூடி இடுவதற்குப் பணமில்லை என்று விட்டுவிடுகின்றோம். வெள்ளைப் பிரம்பு பிடித்து நடப்பவருக்கு அது வாய்க்காலல்ல, பொறி. இவற்றுக்கெல்லாம் அமைச்சரின் கையொப்பம் வேண்டியதில்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு தயாரிக்கும்போது படலை வாசலுக்கான சரிவையும் அதிலே சேர்த்தெழுதினாற் போதும்.

இனி, சட்டத்துக்கு வருவோம். அதற்கு முன் நமது சொந்த வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்ட அனுமதியுங்கள்.

இந்த யாழ்ப்பாணத்திலே தேநீர்க் கடைக்குள் செல்ல முடியாதவர்கள் இருந்தார்கள். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். பிறப்பையே அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் இருப்பது வேறு, வாசல் திறப்பது வேறு என்பதை நமக்கு எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்கத் தேவையில்லை.

நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால் என்னும் காரணங்களால் எவரும் கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ தமது மத வழிபாட்டிடத்துக்குள்ளோ செல்வதைத் தடுக்கலாகாது என்கின்றது. அந்தப் பட்டியலில் உடற்குறைபாடு என்ற சொல் இல்லை. நான்காம் பந்தியிலே, பெண்கள், சிறுவர், உடற்குறைபாடுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்யலாம் என்ற அனுமதி மட்டுமே உண்டு. அந்த இடைவெளியை நிரப்பியது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, தொழிலிலும் கல்வியிலும் பாரபட்சம் காட்டலாகாது என்பதோடு, பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் செல்வதில் இவர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாகாது என்றும் விதிக்கின்றது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

அன்று வாசலிலே ஓர் ஆள் நின்று தடுத்தார். இன்று ஐந்து படிகள் நின்று தடுக்கின்றன. ஆளைக் கண்டால் நமக்குக் கோபம் வருகின்றது. படிக்கட்டைக் கண்டு எவருக்கும் கோபம் வருவதில்லை. அது சீமெந்தால் ஆனதாயிற்றே! ஆனால், வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சென்ற ஆண்டுகளில் ஒரு கட்சிக்காரரின் காணி விடயமாக ஒரு சபைக்குச் சென்றிருந்தேன். சபையின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு காலும் இல்லாத ஒருவர் வேப்பமரத்தின்கீழ் முச்சக்கர வண்டியில் அமர்ந்திருந்தார். சோலைவரி கட்ட வந்தவர். ஊழியர் ஒருவர் மிக அன்போடு பற்றுச்சீட்டுப் புத்தகத்தையே வெளியே எடுத்துவந்து, மரத்தடியில் வைத்து எழுதிக் கொடுத்தார். பார்த்தவர்கள் அந்த ஊழியரைப் புகழ்ந்தார்கள். நானும் அவரைக் குறைகூறேன். ஆனால், வரியை மரத்தடியிலே வாங்கிக்கொள்கின்ற சபை, அந்த மனிதர் சபை அமர்வைப் பார்க்க விரும்பினால் அமர்வையும் மரத்தடிக்குக் கொண்டுவருமா? இதிலே குறைந்துபோனது அன்பல்ல. ஆறு அங்குலக் கொங்கிறீற்றுச் சரிவே குறைவு.

2006 ஒக்ரோபரில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டுகள் தரப்பட்டன. பின்னர் அக்காலம் நீட்டப்பட்டது. நீட்டப்பட்ட காலமும் எப்போதோ கழிந்துவிட்டது. சக்கர நாற்காலியிலிருந்தே வழக்காடிய கலாநிதி அஜித் பெரேரா அவர்களின் மனுவில், புதிதாக எழும் பொதுக் கட்டடங்களில், குறிப்பாக மலசலகூடங்களில், இவ்வசதிகள் இருக்க வேண்டுமென்று 2011 ஏப்பிரல் 27ஆந் திகதி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் ஒருகாலத்தில் கிரிக்கெட் நடுவராக விளங்கியவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்ததால் நடக்கும் வலுவை இழந்தவர். 2020இல் காலமானார். ஒரு தனிமனிதர் நீதிமன்றத்தின் படியேறிப் பெற்றுத்தந்த கட்டளை அது. படியேற முடியாத மனிதர் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 2016 பெப்ரவரியில் இலங்கை அரசாங்கம் மாற்றுத்திறனாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்புறுதி செய்தது. ஆகவே காகிதத்துக்குக் குறைவில்லை.

இந்தக் காகிதங்களெல்லாம் செயலாகின்ற ஓர் இடம் உண்டு. அது உங்கள் சபையிலே கட்டட வரைபடத்துக்கு அங்கீகாரம் வழங்கும் மேசை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக அந்த அதிகாரத்தை உள்ளூர்ச் சபைகளுக்குத் தந்திருக்கின்றது. சபையின் அனுமதியின்றிக் கட்டக்கூடாது. கட்டி முடித்த பின் பொருத்தச் சான்றிதழ் இன்றிக் குடியேறக்கூடாது. வங்கி, திருமண மண்டபம், தனியார் வைத்தியசாலை, கடைத்தொகுதி எதுவாயினும் அந்த மேசைக்கு வந்தே தீரவேண்டும். சட்டவிதிக்கு முரணான வரைபடத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை. இதை நான் வழக்கறிஞன் என்ற முறையில் அழுத்திச் சொல்கின்றேன். "கட்டுபவர் நம்ம ஆள்" என்பது சட்டத்திலுள்ள விதிவிலக்கு அன்று. வரைபடத்தைத் திருப்பியனுப்பினால் கட்டுபவர் கோபிப்பார் என்று அஞ்சுவீர்களானால், கட்டி முடிந்த பின் நீதிமன்றம் உடைக்கச் சொல்லும்போது அவர் யாரைக் கோபிப்பார் என்றும் யோசியுங்கள்.

சாய்வுப் பாதை இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள். அதன் அளவையும் பாருங்கள். ஒழுங்குவிதியின் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. தரையிலிருந்து வாசல் ஓரடி உயரமென்றால் சாய்வுப் பாதை பன்னிரண்டடி நீளம் இருக்கவேண்டும். இரண்டரை அடி உயரமென்றால் முப்பதடி. இடையிலே இளைப்பாறச் சமதளமும் வேண்டும். நமது ஊரிலே நான் காண்கின்ற சாய்வுப் பாதைகளிற் பல, மூன்றடி உயரத்துக்கு ஆறடி நீளத்தில் கட்டப்பட்டவை. அவற்றிலே மோட்டார்ச் சைக்கிளை ஏற்றலாம். சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்னோக்கிக் கவிழும். கைப்பிடி இராது, இருந்தாலும் மேலே போனதும் கதவு ஒடுக்கமாயிருக்கும். நன்கொடையாளரின் பெயர் மட்டும் பளிங்கிலே பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட சாய்வுப் பாதை இல்லாததிலும் கேடு. வசதி செய்தாயிற்று என்று அறிக்கையிலே எழுதிவிடுவார்கள் அல்லவா?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நமது சபைகளின் வருமானம் சொற்பம் என்பதை நான் அறிவேன். ஆனால் செலவு பெரும்பாலும் பிந்தியதனாலேயே வருகின்றது. புதுக் கட்டடத்தின் வாசலைத் தாழ்வாக அமைப்பதற்கும், கதவை அகலமாக வைப்பதற்கும், கழிவறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பதற்கும் வரைபடத்திலே ஒரு கோடு மாறினாற் போதும். கட்டிய பின் உடைத்துத் திருத்துவதற்கே பணம் வேண்டும். பழைய கட்டடங்களை ஒரே ஆண்டில் திருத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த ஆண்டு காரியாலயம், அடுத்த ஆண்டு சந்தை மலசலகூடம், அதற்கடுத்த ஆண்டு நூலகம் என்று முறைவைத்துச் செய்யலாம்.

எதை முதலிலே செய்வது என்று யார் தீர்மானிப்பது? அதற்குரியவர்கள் அந்த மக்களே. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. கைதடியிலே நவீல்ட் பாடசாலையில் கற்று வெளிவந்த எத்தனையோ பேர் நம்மிடையே வாழ்கின்றார்கள். காது கேளாதவருக்குச் சாய்வுப் பாதையால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது சைகைமொழி தெரிந்த ஓர் ஊழியர், அல்லது எழுதிப் பேசக்கூடிய பொறுமையாவது. பார்வையற்றவருக்கு நூலகத்திலே ஒலிநூல் வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய்க்கு, அப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுகின்ற முன்பள்ளி வேண்டும். இவற்றை நாம் அறையிலிருந்து ஊகித்துக்கொண்டிருத்தல் வேண்டாம்.

வெளிநாடுகளிலே இதற்கு வழி வகுத்திருக்கின்றார்கள். உகண்டா நாடு 1997ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தினால் சபைகளில் மாற்றுத்திறனாளருக்கு ஆசனங்களை ஒதுக்கியது. அவற்றில் ஒன்று பெண்ணுக்குரியது. நம்மினும் செல்வம் மிகுந்த நாடல்ல அது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்பிரலிலே ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளரை உறுப்பினராக நியமிப்பதற்குச் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் அந்தத் திட்டத்துக்குள் அடங்கும். நமது நாட்டிலே பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்குவதற்கு 2016இல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீடு இல்லாதிருந்தால் இந்த மண்டபத்திலே இன்று அமர்ந்திருக்கும் சகோதரிகளில் எத்தனை பேரைக் கட்சிகள், நமது கட்சியையும் சேர்த்தே சொல்கின்றேன், வேட்பாளராக நிறுத்தியிருக்கும்? ஆகவே, கட்சிகள் தாமாக மனமிரங்கும் என்று நான் நம்பவில்லை. சட்டம் வரவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சபை உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் குழுக்களிலே சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைகள் சட்டம் இடந்தருகின்றது. வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழுவிலும் தொழில்நுட்பச் சேவைகள் குழுவிலும் தலா இருவரை நியமியுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கட்டடம் பார்க்கப் போகும்போது அவ்விருவரும் கூடவே போகட்டும். சக்கர நாற்காலி உள்ளே போகின்றதா என்பதை அளவுநாடாவைவிட நாற்காலியே சரியாகச் சொல்லும். அப்படியே சனசமூக நிலையங்களையும் பாருங்கள். சபையிலே பதிவுபெற்று, சபையின் உதவியைப் பெறுகின்ற நிலையங்கள் அவை. மாலை நேரத்தில் ஊர் கூடுவது அங்கேதான். அங்கே நுழைய முடியாதவர் ஊரின் பேச்சுக்குள்ளேயே நுழைய முடியாதவர்.

தேர்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று வாக்களிக்க 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. அதற்குரிய சான்றிதழை முன்கூட்டியே பெறவேண்டும். எத்தனை முகவர்கள் இதனைத் தம் வட்டாரத்தில் எடுத்துச் சொல்கின்றார்கள்? வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் வாக்குப் போடுவித்து இறக்கிவிடுவதோடு நமது கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றோம்.

நாம் அதிகாரம் போதாது என்று எழுபது ஆண்டுகளாக வாதாடி வருகின்ற மக்கள். அந்த வாதத்தில் ஓர் எழுத்தையும் நான் குறைக்கமாட்டேன். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "கைக்குக் கிடைத்த அதிகாரத்தைக்கொண்டு உமது ஊர்ச் சந்தையின் மலசலகூடத்தைத் திருத்தினீரா?" என்று குறுக்கு விசாரணை செய்தால், சாட்சிக்கூண்டிலே நிற்கும் தவிசாளர் என்ன பதில் சொல்வார்?

கடைசியாக ஒரு வேலை. மார்கழி முடியுமுன் உங்கள் சபைகளில் வரவு செலவுத் திட்டம் நிறைவேற வேண்டும். அதிலே அணுகும் வசதிக்கென்று தனித் தலைப்பில் ஒரு தொகை ஒதுக்கப்படவேண்டும். பொது நலன் என்ற பெரிய தலைப்புக்குள் போட்டால் அது மின்குமிழாகவும் பந்தலாகவும் மாறிவிடும். ஒதுக்கிய தொகை செலவாயிற்றா என்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலைநாட்களுக்குள் தமது முடிவைச் சொல்லியாகவேண்டும். கேட்பதற்கு ஆட்களை நானே ஊக்குவிப்பேன் என்பதையும் இப்பொழுதே அறிவித்துவிடுகின்றேன். நமது கட்சி ஆளுகின்ற சபைகளிலிருந்தே தொடங்குவோம்.

பிரேரணையின் வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கின்றேன். பிரதிகள் செயலாளரின் மேசையில் இருக்கின்றன. சபையின் பெயர், முதலில் திருத்தவேண்டிய கட்டடம், ஒதுக்கும் தொகை ஆகிய மூன்று இடங்களும் வெறுமையாக விடப்பட்டுள்ளன. நிரப்பி, கையெழுத்திட்டு, அடுத்த அமர்வுக்கான நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பியுங்கள். வழிமொழிவதற்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரையே கேளுங்கள். மறுக்க அவருக்கு வெட்கமாயிருக்கும்.